நடுங்கும் கைக்கு ஒத்துவரும் பெயின்ட்: தமியா டிஎஸ் ஸ்பிரே கேன்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் 1/24 அளவு (நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு) கார் மாடலில் பார்ப்பவர் கண் முதலில் போய் விழுவது பெயின்டில்தான். சஸ்பென்ஷனை எத்தனை கச்சிதமாக ஒட்டியிருந்தாலும் வண்டியைக் கவிழ்த்தால்தான் தெரியும். பானெட் சொரசொரவென்று இருந்தால் அலமாரிக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிந்துவிடும். பணி ஓய்வுக்குப் பிறகு இந்தப் பொழுதுபோக்குக்கு வருபவர்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் இங்கேதான். பிரஷ் பிடித்தால் விரல் நடுங்குகிறது. நடுங்காவிட்டாலும் பாடி முழுக்கப் பிரஷ் கோடு விழுகிறது. காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் வாங்கினால் கம்ப்ரஸர் வேண்டும், தின்னர் கலக்கும் பக்குவம் வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஊசியைக் கழற்றிக் கழுவ வேண்டும். அதன் நாசில் கைதவறித் தரையில் விழுந்தால் இளவயதுக்காரர் கண்ணுக்கே லேசில் அகப்படாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஜப்பானின் ஷிசுவோகாவைச் சேர்ந்த தமியா நிறுவனத்தின் டிஎஸ் வரிசை ஸ்பிரே கேன். இதற்கு விரல் நுணுக்கம் தேவையில்லை. மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளிலிருந்து கையை வீசினால் போதும். விரல் நுனியில் இருக்கும் நடுக்கம் அந்தப் பெரிய வீச்சில் காணாமல் போய்விடும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே போதும். ஆனால் அதே வயதுக்காரர்களுக்கு இதனால் வரும் தொல்லைகளும் உண்டு. அவற்றைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

ஒரு கேன் 100 மி.லி. உள்ளே இருப்பது கரைப்பான் வேகமாக ஆவியாகிக் காயும் லாக்கர் வகைப் பெயின்ட். சிக்கனம் பார்க்காமல் அடித்தால் 1/24 பாடி இரண்டுக்கு வரும். கடையில் இதே அளவு, இதே மூடியோடு பிஎஸ், ஏஎஸ் என்று வேறு வரிசைகளும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். பிஎஸ் என்பது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கு. சாதாரணக் கிட்டின் (ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டி) பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மேல் அதை அடிக்கவே கூடாது. ஏஎஸ் போர் விமானங்களுக்கு. கார் கட்டுபவருக்கு வேண்டியது டிஎஸ் மட்டும்.

நிறத்தை மூடியின் சாயலை வைத்து எடுக்காதீர்கள், எண்ணைப் படித்து எடுங்கள். மூடியின் நிறமும் பெயின்டின் நிறமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அதோடு, வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் லேசாக மஞ்சளாகிவிடும். டிஎஸ்-26 சுத்த வெள்ளை, டிஎஸ்-7 ரேசிங் வெள்ளை. கண்புரை அறுவைக்கு முன் இருக்கும் கண்ணுக்கு இவை இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். பாடி ஒன்றிலும் தனியாகப் பெயின்ட் அடித்த பம்பர் இன்னொன்றிலுமாக முடிந்தால், பேரப்பிள்ளை வந்து சொல்லும்வரை நமக்குத் தெரியாது.

கேனைத் தொடுவதற்கு முன் பாடியைத் தயார் செய்ய வேண்டும். முன் மட்கார்டின் மேல்விளிம்பிலும் பின் தூணிலும் அச்சு இணைந்த மெல்லிய கோடு ஓடும். ஆள்காட்டி விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும். கத்தியின் முதுகால் சுரண்டி, 600, பிறகு 1000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். கதவு இடுக்குக் கோடுகளை இப்போதே ஒரு முறை ஆழப்படுத்திவிடுங்கள். பிரைமர் (நிறத்துக்கு அடியில் போகும் பூச்சு), நிறம், கிளியர் (மேலே போகும் நிறமில்லாப் பூச்சு) என்று ஆறேழு கோட் ஏறியபின் அந்தப் பள்ளம் பாதி தூர்ந்துவிடும், அப்போது கீற முடியாது. கடைசியாகப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் மீன்கண் போல விலகும்.

பிரைமர் தமியாவிலேயே தனிக் கேனாக வருகிறது. வெள்ளை, மஞ்சளுக்கு வெள்ளை பிரைமர், சில்வர், கருமைக்குச் சாம்பல், சிவப்புக்கு இளஞ்சிவப்பு. சிவப்புப் பெயின்டுக்கு மறைக்கும் சக்தி குறைவு என்பதால், டிஎஸ்-8 இத்தாலியன் ரெட்டைச் சாம்பலின் மேல் அடித்தால் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். பழைய கிட் சிலவற்றில் பாடியே சிவப்புப் பிளாஸ்டிக்கில் வரும். அதன் மேல் வெள்ளை அடித்தால் சில நாளில் ரோஸ் நிறம் மேலே கசியும். நடுவே ஒரு கோட் சில்வர் அடித்தால் கசிவு நிற்கும்.

இனி ஸ்பிரே. குளிரூட்டிய அறையில் வைத்திருந்த கேன் என்றால் 40 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அழுத்தம் கூடித் துளிகள் பொடிப்பொடியாக வரும். சித்திரை மதியத்தில் சென்னையில் இதற்கு அவசியமே இல்லை. அலமாரியிலேயே கேன் அந்தச் சூட்டில்தான் இருக்கும். உள்ளிருக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலின் தலையில் மாஸ்கிங் டேப்பைப் பசைப்புறம் வெளியே வரச் சுற்றி, பாடியை அதில் உட்கார வைத்தால் கையில் பிடிக்கும் வேலை மிச்சம்.

முதலில் வீல் ஆர்ச், பம்பரின் அடிப்புறம், கண்ணாடிச் சட்டம் போன்ற ஒளிந்திருக்கும் இடங்களுக்குச் சின்னச் சின்னத் தூவல். பிறகு பக்கவாட்டு. கடைசியில் பானெட், கூரை. 25 செ.மீ. தூரத்தில் முதல் கோட். அடியிலிருக்கும் பிரைமர் இன்னும் தெரிய வேண்டும், மூடிவிட்டால் அதிகம். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது. இன்னும் கால் மணி நேரம் கழித்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் ஈரமான மூன்றாவது கோட். பளபளப்பு வருவது இதில்தான். டொயோட்டா ஜிஆர் சுப்ரா மாதிரி ஒரு பாடி 18 செ.மீ. நீளம், அதைக் கடக்க ஒரு விநாடி சரியான வேகம். வீச்சு பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடிய வேண்டும், ஏனென்றால் பொத்தானை அழுத்தும் கணத்திலும் விடும் கணத்திலும்தான் கேன் துப்பும்.

மூட்டுவலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பொத்தானைப் பாதி அழுத்தினால் பெயின்ட் பொடியாக வராது, சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும். அடிமட்டம் வரை அழுத்தி அப்படியே பிடிக்க வேண்டும். ஒரு விரலுக்கு முடியவில்லை என்றால் இரண்டு விரலை ஒன்றாக வைத்து அழுத்தலாம். கேனில் மாட்டும் துப்பாக்கிப் பிடி வன்பொருள் கடைகளில் கிடைக்கும், ஆனால் எல்லாப் பிடியும் இந்த ஒல்லிக் கேனுக்குப் பொருந்தாது. கேனைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

விளக்கு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தலைக்கு மேல் எரிந்தால் ஈரம் எங்கே ஏறியது, எங்கே ஏறவில்லை என்று தெரியாது. பாடிக்கு அந்தப் பக்கம், நம்மை நோக்கிச் சாய்வாக வையுங்கள். ஈரமான இடத்தில் விளக்கின் பிம்பம் நேர்க்கோடாக விழும், காய்ந்த இடத்தில் உடைந்து தெரியும். தலையில் மாட்டும் உருப்பெருக்கியைக் கழற்றிவிட்டு அடியுங்கள். ஆப்டிவைசர் என்ற உருப்பெருக்கியின் 2.5 மடங்கு லென்ஸுக்குப் பார்வைத் தூரமே 20 செ.மீ.தான், அதோடு குனிந்தால் முகம் பெயின்ட் புகைக்குள் போய்விடும், லென்ஸிலும் படியும். உருப்பெருக்கி கோடு சுரண்டவும் டிகால் (எண், சின்னம் அச்சடித்த மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டவும்தான்.

பழுதுகள் என்று பார்த்தால், ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிப் பரப்பு தூரத்திலிருந்தோ நல்ல வெயிலிலோ அடிப்பதால் வருவது. துளி பாடியைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. வழிசல் கிட்டத்தில் மெதுவாக அடிப்பதால். வழிந்ததை விரலால் துடைக்கப் போனால் கதை முடிந்தது. அப்படியே விட்டு, ஒரு வாரம் கழித்து 1500 தாளால் சமன் செய்யலாம். நம் ஊரில் இவற்றைவிடப் பெரிய எதிரி ஈரக்காற்று. லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பாடி சில்லிட்டு, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து வெள்ளை மூட்டமாக நிற்கும். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் அப்பட்டமாகத் தெரியும். மழை நாளில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில் கடலோர ஊர்களில், கேனைத் தொடவே வேண்டாம். மூட்டம் வந்தேவிட்டால் வறண்ட நாள் பார்த்து டிஎஸ்-13 கிளியரை ஈரமாக ஒரு கோட் அடியுங்கள், பெரும்பாலும் கலைந்துவிடும். பால்கனியில் மாலையில் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விளக்கைத் தேடி வரும் பூச்சி நேராகப் பானெட்டில்தான் இறங்கும்.

எதுவுமே தேறாவிட்டால் 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் பாடியை ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பிளாஸ்டிக்குக்குச் சேதமில்லாமல் நிறம் கழன்று வரும், பிரைமர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

புகை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். என்95 முகமூடி தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் வடிகட்டி பொருத்திய அரைமுக மாஸ்க் வேண்டும். வயதானால் மோப்ப சக்தி குறையும். வாசனை வரவில்லை, அதனால் அறையில் ஆவி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கேனைத் தள்ளும் வாயுவும் எரியக்கூடியதுதான். அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவர்த்தி எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு இந்தப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். நிறமிட்ட பாடியோடு வரும் கிட்டை வாங்கி மெருகு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

மூக்கின் குறை இன்னொரு இடத்திலும் காலை வாரும். பெயின்ட் முழுக்க இறுகிவிட்டதா என்று பார்க்கப் பலரும் பாடியை முகர்ந்துதான் பார்ப்பார்கள். வாசனை இருந்தால் இன்னும் காயவில்லை. மூக்கை நம்ப முடியாதவர்கள் பாடியின் உட்புற விளிம்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்க்கலாம். தடம் பதிந்தால் பொறுக்க வேண்டும். தொட்டால் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும், ஆனால் மெருகு போட ஒரு வாரமாவது ஆகும்.

மெட்டாலிக் நிறத்தை நேரடியாகத் தேய்க்காதீர்கள். சில்வர் துகள் கலைந்து திட்டுத் திட்டாகிவிடும். மேலே டிஎஸ்-13 அடித்து அந்தக் கிளியரைத்தான் தேய்க்க வேண்டும். டிகால் ஒட்டிய பாடி என்றால் இன்னும் நிதானம். முதல் மூன்று கோட்டும் 30 செ.மீ. தூரத்திலிருந்து வறண்ட தூவலாகவே, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஈரமாக அடித்தால் டிகால் சுருங்கிக் குறுகும். அதற்கு வைத்தியம் கிடையாது, புது டிகால்தான்.

மெருகுக்கு 2000, 3000 தாள், பிறகு தமியாவின் மூன்று காம்பவுண்ட் (மெருகுப் பசை): சிவப்பு மூடி கரடு, நீலம் மெல்லியது, வெள்ளை முடிப்பு. கூரை விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் பெயின்ட் மெலிதாகத்தான் நிற்கும், நாலு தேய்ப்பில் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். கரடு காம்பவுண்ட் முடியும்வரை அந்த விளிம்புகளை 2 மி.மீ. அகல டேப்பால் மூடி வையுங்கள்.

குறை என்றால் முதலில் செலவு. பாதிப் பெயின்ட் பாடியைத் தாண்டிக் காற்றில்தான் போகிறது. விண்ட்ஷீல்டின் கறுப்பு ரப்பர் ஓரம் மாதிரிச் சின்ன இடத்துக்கு இந்தக் கேன் உதவாது. அதற்குப் புட்டியில் வரும் அக்ரிலிக்கும் பிரஷும்தான். வரிசை மாற்றி எனாமல் வகைப் பெயின்ட் மேல் டிஎஸ் அடித்தால் அடியிலிருக்கும் பூச்சு வெடிப்பு விடும். முதலில் லாக்கர், அதன் மேல் எனாமல் என்று போனால் தொல்லையில்லை. வாங்குவதும் எளிதல்ல. எரியும் ஏரோசால் என்பதால் விமானத் தபாலில் வராது, சிங்கப்பூரிலிருந்து வரும் மருமகன் பெட்டியில் வைத்தும் கொண்டுவர முடியாது. உள்ளூர்க் கடையில் இருக்கும் நிறத்தைப் பார்த்துவிட்டு அதன்பிறகு கிட்டைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

முதல் தடவை வாங்குபவருக்கு நான்கு கேன் போதும்: வெள்ளை பிரைமர், டிஎஸ்-26, டிஎஸ்-13, சேஸிஸுக்கும் உட்புறத்துக்கும் டிஎஸ்-29 செமி கிளாஸ் கறுப்பு. வெள்ளைக் கார் முதலில் செய்யச் சலிப்பாகத் தோன்றலாம், ஆனால் மூட்டமும் சின்னப் பழுதும் கண்ணை உறுத்தாத நிறம் அது. கறுப்பை நாலாவது காருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடித்து முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை ஒரு தடவை அழுத்துங்கள், நாசில் அடைக்காது.