ஒரு ஜிபி சர்வரில் நெட்டேட்டா

என் மச்சான் ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறார். அவருடைய ஆர்டர் தளம் ஓடுவது ஒரு ஜிபி ராம் உள்ள வாடகை விபிஎஸ் (ஒரு பெரிய கணினியைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் மெய்நிகர் சர்வர்) ஒன்றில். சும்மா நிற்கும்போது ஐம்பது எம்பி சுற்றுதான் பிடிக்கும் என்பதால் ஆல்பைன் லினக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் போன் வரும்: "மாப்ளே, சைட்டு இழுக்குது." உள்ளே நுழைந்து, அந்த நேரத்து நிலையைக் காட்டும் டாப் கட்டளையை அடிப்பதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும்.

நொடிக்கொரு முறை கணக்கெடுத்துப் பழையதையும் சேமித்து வைக்கும் நெட்டேட்டா என்ற கண்காணிப்பு மென்பொருளுக்கு வந்தது இதற்காகத்தான். இருப்பது ஒரே ஒரு சர்வர். அதற்குப் பல சர்வர்களைக் கண்காணிக்கும் ப்ரொமிதியஸும் கிராஃபானாவும் வைப்பது ஒருத்தர் சாப்பாட்டுக்குக் கல்யாணச் சமையல்காரரை அழைப்பது போல.

நிறுவுவது சுலபம். அவர்கள் தரும் கிக்ஸ்டார்ட் ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டினால் போதும். தேவையான லைப்ரரிகளைத் தன்னோடே கொண்டுவரும் பைனரி என்பதால் ஆல்பைனின் மசல் (musl) என்ற சி லைப்ரரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி இல்லாவிட்டாலும் அதற்குப் பதில் ஆல்பைனில் உள்ள ஓப்பன்ஆர்சி-யில் ஒழுங்காக உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் சும்மா ஓட்டினால் தினமும் வெளிவரும் சோதனைப் பதிப்புதான் ஏறும், தானாகவே புதுப்பித்துக்கொள்ளவும் செய்யும். வியாபாரம் நடக்கும் சர்வரில் அது எதற்கு? ஸ்டேபிள் சேனல் கேட்டு, பயன்பாட்டுத் தகவலை அவர்களுக்கு அனுப்பும் டெலிமெட்ரியை அணைக்கும் ஆப்ஷனையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

அப்புறம் பாதுகாப்பு. தன் பக்கத்தைக் காட்டும் 19999 போர்ட்டை எல்லா முகவரியிலும் திறந்து வைப்பதுதான் இதன் இயல்பு. ஐபி தெரிந்த யாரும் உங்கள் சர்வரின் நாடித்துடிப்பைப் பார்க்கலாம். கான்ஃபிக் கோப்பின் வெப் பகுதியில் 127.0.0.1-க்கு (சர்வருக்குள் மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கட்டிப்போட்டு, எஸ்எஸ்எச் டனல் (நம் கணினியிலிருந்து சர்வருக்குப் போடும் பாதுகாப்பான வழி) வழியாகப் பார்ப்பது நல்லது. இங்கேதான் ஆல்பைன் கையை விரிக்கும். டனல் போட்டதும் பக்கம் திறக்காது, டெர்மினலில் 'நிர்வாகத் தடை' என்ற பொருளில் ஒரு வரி வரும். நெட்டேட்டா மேல் குற்றமில்லை. ஆல்பைனின் எஸ்எஸ்எச் அமைப்பில் டனலுக்கு வேண்டிய டிசிபி ஃபார்வர்டிங் 'நோ' என்றே வருகிறது. அதை 'லோக்கல்' என்று மாற்றி எஸ்எஸ்எச் சேவையான எஸ்எஸ்எச்டி-யை ரீஸ்டார்ட் செய்தால் சரி.

பக்கம் திறந்ததும் கிளவுட் கணக்கில் நுழையச் சொல்கிறது. தேவையில்லை, பெயர் சொல்லாமல் பார்க்கும் வழியும் அங்கேயே இருக்கிறது. என் சொந்த மெஷினில் இருக்கும் என் சொந்த அளவுகளைப் பார்க்க எனக்கு எதற்கு லாகின் என்று தோன்றத்தான் செய்கிறது.

ராம் விஷயத்தில் மட்டும் நாம் கறாராக இருக்க வேண்டும். நெட்டேட்டா தனியாக ஆல்பைனைப் போல் மூன்று மடங்கு எடுத்துக்கொண்டது. வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிக்கும் மெஷின் லேர்னிங்கை அணைத்தேன், அளவெடுப்பதை இரண்டு நொடிக்கு ஒன்றாக்கினேன். சிபியு நன்றாகவே இறங்கியது, ராம் ஓரளவு.

இத்தனைக்கும் பலன் கிடைத்தது. சிபியு வரைபடத்தில் 'ஸ்டீல்' (steal, திருட்டு) என்றொரு நிறம் உண்டு. நம் மெஷின் வேலைக்குத் தயாராக நின்றும் அடியில் இருக்கும் உண்மையான கணினி சிபியு தராமல் காக்க வைத்த நேரம் அது. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் அந்த நிறம் பாதி வரைபடத்தை மூடியது. எங்கள் டேட்டாபேஸ், வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் எல்லாம் அந்த நேரத்தில் சாதுவாகத்தான் இருந்தன. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து விபிஎஸ் கொடுத்தவர்களுக்கு டிக்கெட் போட்டேன். முதலில் "உங்கள் அப்ளிகேஷனைப் பாருங்கள்" என்றார்கள். படத்தை மறுபடி அனுப்பியதும் பேசாமல் வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். டாப்பிலும் ஸ்டீல் எண் தெரியும்தான், ஆனால் அந்த நிமிஷம் நாம் அங்கே இருக்க வேண்டுமே!

ஸ்டீல் அதிகமானால் எச்சரிக்கும் விதி இதில் முன்கூட்டியே இருக்கிறது. டெலிகிராம் பாட் இணைத்துவிட்டதால் மச்சானுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

512 எம்பி சர்வர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே போடாதீர்கள். சேமிப்பை அணைத்து, எடுத்த அளவுகளை வேறொரு பெரிய மெஷினில் ஓடும் நெட்டேட்டாவுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அப்படி இன்னொரு மெஷின் இல்லையென்றால் டாப்பைப் போன்ற எச்டாப் போதும்.