ஜேட் செடி வாங்கலாமா? முதலில் தொட்டியின் அடியைப் பாருங்கள்

தோழி ஒருத்தி தன் ஜேட் செடியைப் படமெடுத்து அனுப்பி, "இலையெல்லாம் தொங்கிப்போய்விட்டது, தண்ணீர் ஊற்றட்டுமா?" என்று கேட்டிருந்தாள். என் கண் இலையில் நிற்கவில்லை, தொட்டிக்குப் போய்விட்டது. வெள்ளைப் பீங்கான், மேலே பசை போட்டு ஒட்டிய கூழாங்கற்கள். எனக்குப் பரிசாக வந்த செடியும் அச்சாக இப்படித்தான் இருந்தது. அவளுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன், அது இவ்வளவு நீண்டுவிட்டது.

நம் ஊர் நர்சரிகளில் ஜேட் என்று கேட்டால் சிற்றிலையும் செந்நிறத் தண்டும் கொண்ட போர்ச்சுலகேரியாவைத்தான் அதிகம் எடுத்துத் தருகிறார்கள். அது சென்னை வெயிலை எளிதில் தாங்கும். நான் வளர்ப்பது கிராசுலா ஓவாட்டா, தடித்த பளபளப்பான இலை உள்ளது. இரண்டுக்கும் பூர்வீகம் தென்னாப்பிரிக்கப் பக்கம்தான், ஆனால் குடும்பம் வேறு. சில ஆண்டுகளாக இது என் பால்கனியில் இருக்கிறது. நடுவில் ஒருமுறை செத்துப் பிழைத்தது.

தொங்கும் இலையைக் கண்டதும் குவளையைத் தேட வேண்டாம். இலையைத் தொட்டுப் பாருங்கள், பிறகு மண்ணுக்குள் ஒரு குச்சியைச் செருகி எடுங்கள். இலை சுருங்கி வளைகிறது, குச்சி உலர்ந்து வருகிறது, தொட்டியும் கனமில்லை என்றால் வெறும் தாகம். அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றினால் சில நாளில் இலை நிமிர்ந்துவிடும். இலை மஞ்சளாகி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, தொட்டவுடன் உதிர்ந்தால் நீர் மிகுதி. தண்டு நீண்டு, இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடி, செடி ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. இலைக்கக்கத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மை தெரிந்தால் மாவுப்பூச்சி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். இவை எல்லாம் சமாளிக்கக் கூடியவை.

ஏமாற்றுவது இன்னொன்று. இலை சுருங்கியிருக்கும், மண்ணோ ஈரமாக இருக்கும். வேர் அழுகிவிட்டதால் காலடியில் நீர் நின்றாலும் செடியால் குடிக்க முடிவதில்லை. பார்ப்பவர்கள் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். என் செடியின் நோய் இதுதான். அதிலும் மேல்மண் உலர்ந்து கிடந்தது, ஈரம் உள்ளே மறைந்திருந்தது. ஒட்டியிருந்த கற்களைக் கத்தியால் பெயர்த்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து இழுத்தபோது, மெல்லிய வலைத்துணியால் சுற்றிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) உருண்டை ஒன்று வெளியே வந்தது. பிழிந்தேன். தண்ணீர் சொட்டியது. புளித்த நாற்றம். வேர்கள் கறுத்துக் குழைந்து, உரித்தால் நூலாகக் கழன்று வந்தன.

கோகோபீட்டை நான் குறை சொல்லவில்லை. குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று விட அதைப் போல் வசதியானது கிடையாது. எடை இல்லை, தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பலாம். நிழல்வலைக்குள் ஈரத்தை அளந்து வளர்க்கும் நர்சரிக்காரருக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உருண்டையை வலையோடு அப்படியே துளையில்லாத பீங்கானில் இறக்கி, பார்க்கவும் முடியாதபடி கல்லை ஒட்டி மூடி, "வாரம் இருமுறை நீர்" என்று சீட்டும் குத்தி விற்பதை எப்படி மன்னிப்பது? கோடையா மழைக்காலமா, வெயிலா அறையா என்று கேட்காமல் எழுதிய சீட்டு அது. வாங்கிப் போகிறவர் அதை நம்பி ஊற்றுகிறார். செடி சாகிறது. தன் கை ராசியில்லை என்று நினைத்துக்கொள்கிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பிழைக்க வைத்த விதம் இது. வலையை வெட்டி, கோகோபீட்டை முழுக்கக் கழுவி எடுத்தேன். கறுத்த வேர்களை எல்லாம் நறுக்கினேன். தண்டின் அடியும் மெத்தென்று இருந்ததால், ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வெட்டினேன். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையம் முழுதாக மறைகிற வரை நிறுத்தக் கூடாது, பசுமை மட்டும் தெரிய வேண்டும். பிறகு நிழலில் சும்மா போட்டு வைத்தேன். காயம் தோல்கட்டக் குறைந்தது ஒரு வாரமாவது விட வேண்டும். மஞ்சள்தூள் பூசுகிறவர்கள் உண்டு, பூசாவிட்டாலும் காய்ந்தால் போதும். அதன்பின் சலித்த பருமணல், செங்கல் உடைசல், பெர்லைட் என்ற எடையற்ற வெள்ளைக் கல்துகள், ஒரு பிடி செம்மண் கலந்து, துளையுள்ள மண்தொட்டியில் நட்டு, உடனே தண்ணீர் ஊற்றாமல் விட்டேன். உரம் கூடவே கூடாது. லேசாக இழுத்தபோது செடி மண்ணைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகே முதல் நீர்.

இந்த இனத்தின் உடலே வேறு கணக்கில் ஓடுகிறது. இலைத்துளைகளைப் பகலில் மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமிக்கிறது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், இதன் உறவான ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதைக் கவனித்து 1813இல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். இந்த இரவு வேலைக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதால், புழுங்கும் மே மாத இரவுகளில் செடி கிட்டத்தட்ட உறங்குகிறது. அப்போது மண் நனைந்திருந்தால் அழுகல்தான். வடகிழக்குப் பருவமழையில் நான் அதைச் சுவரோரமாக உள்ளே தள்ளிவிடுவேன்.

எதிர்பாராத இன்பம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருத்துவத்தின்போது உதிர்ந்த இலைகளைச் செய்தித்தாளில் போட்டிருந்தேன். மண்ணும் இல்லை, நீரும் இல்லை. சில வாரங்களில் காம்புப் பக்கம் இளஞ்சிவப்பு வேர் நீண்டு, நகநுனி அளவு இரண்டு இலைகள் துளிர்த்தன. அவற்றைப் பார்க்கக் காலையில் எழுந்ததும் பால்கனிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. வெயில் நன்றாகப் படும் மார்கழியில் தாய்ச்செடியின் இலையோரம் சிவந்து நிற்கும் அழகு தனி. இவ்வளவு குறைவாகக் கேட்டு இவ்வளவு தருகிற தொட்டிச்செடி என்னிடம் வேறு இல்லை.

ஆனாலும் வாங்கலாமா என்றால், வாங்காதீர்கள். அந்தப் பீங்கான் அலங்காரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வளர்க்கிறவர் யாரிடமாவது விரல் நீளக் கிளை ஒன்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். தோழிக்கும் அதையே எழுதினேன்: இன்றே கல்லைப் பெயர்த்து வலையைப் பார், தண்டு மெத்தென்று இருந்தால் மேலே நல்ல கிளையை வெட்டி வை, எதுவும் தேறவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, நான் தருகிறேன்.