நான்கு வாடகை வீடுகளுக்கு எஸ்டிமேட்: ஒரு பொறியாளர் அலுவலகத்தின் சேவை பற்றி

கோவையில் ஐந்து சென்ட் மனையில், தரைத்தளத்தை வண்டி நிறுத்துவதற்கு விட்டு, மேலே இரண்டு தளங்களில் தளத்துக்கு இரண்டாக நான்கு வாடகை வீடுகள் கட்டத் திட்டமிட்டபோது, கட்டணம் பெற்றுக்கொண்டு முழு எஸ்டிமேட் தயாரித்துத் தரும் ஒரு பொறியாளர் அலுவலகத்தை அணுகினோம். இவர்கள் கட்டடம் கட்டித் தருவதில்லை. வரைபடத்தைப் பெற்று, வேலைவாரியாக அளவெடுத்து, பொருளையும் கூலியையும் தனித்தனியே கணக்கிட்டுக் கொடுப்பதோடு இவர்களுடைய பணி முடிகிறது. காண்ட்ராக்ட் எடுக்கும் நோக்கம் இல்லாதவர் போடும் கணக்கு என்பதையே இந்தச் சேவையின் முதல் தகுதியாகக் கருதுகிறேன்.

நம் ஊரில் விலை பேசுவது பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்ற முறையில்தான். தனி வீட்டுக்கு அது ஓரளவு பொருந்தலாம்; ஒரே தளத்தில் இரண்டு குடித்தனங்கள் வரும்போது பொருந்துவதில்லை. 1,200 சதுர அடியில் ஒரே வீடு கட்டினால் ஒரு சமையல் மேடை, ஒரு தலைவாசல் கதவு, ஒரு மின்மீட்டர் போதும். அதே பரப்பை இரண்டு வீடுகளாகப் பிரித்தால் இவையெல்லாம் இரட்டிப்பாவதுடன், இரு வீடுகளுக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றும் எழுகிறது. பரப்பு ஓர் அடிகூடக் கூடவில்லை, செலவு மட்டும் கூடிவிடுகிறது. இந்த வேறுபாட்டை எஸ்டிமேட்டில் பக்கத்துக்குப் பக்கம் காண முடிந்தது.

குளியலறைக்கான பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏழடிக்கு நான்கடி கொண்ட அறையின் தரை 28 சதுர அடிதான். ஆனால் நான்கு சுவர்களிலும் ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் 154 சதுர அடி வருகிறது. இரண்டரை அடி அகலக் கதவுக்கு உரிய 17.5 சதுர அடியைக் கழித்து, தரையையும் சேர்த்தால் 164.5 சதுர அடி. உடைசலுக்கான கூடுதல் டைல்ஸ், தரைக்கு அடியில் செய்ய வேண்டிய நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, பிளம்பிங் வேலை ஆகியவை தனி வரிகளாக உள்ளன. சிறிய வீடுகளில் மொத்தப் பரப்பில் குளியலறையின் பங்கு அதிகம் என்பதால், சதுர அடி விலை ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு இந்த ஒரு பக்கமே தெளிவான விடை தந்தது.

பூச்சு வேலையை, கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200-இன் படி அளந்திருக்கிறார்கள். அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புகளைப் பூச்சுப் பரப்பிலிருந்து கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். அதையும் தாண்டினால் இரு பக்கமும் கழித்துவிட்டு, ஓரங்களுக்கான பூச்சைத் தனியே சேர்க்க வேண்டும். மேஸ்திரியோடு பில் நேரத்தில் எழும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி கதவு, ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதைப் பற்றியது என்பதால், வேலை தொடங்கும் முன்பே இந்த விதியை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும்படி அவர்கள் கூறியது மிகவும் பயன்பட்டது. தூண்கள் மட்டுமே நிற்கும் தரைத்தளத்துக்கு முழு விலையா, பாதி விலையா என்ற பேரத்துக்கும் வேலைவாரியாக அளக்கும் இந்த முறையில் இடமில்லை. அங்கே எவ்வளவு காங்கிரீட், எவ்வளவு கம்பி என்பதே கணக்கு.

கம்பிக்கு வளைவு, நீளம், எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் பட்டியலையும் கொடுத்தார்கள். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ; 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி 10.66 கிலோ. லாரி வந்து நிற்கும்போது கம்பிகளை எண்ணி, எடைமேடைச் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்களே போதும். பொருளின் அளவும் விலையும் தனித்தனிப் பத்திகளில் இருப்பதால், 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது போன்ற மாற்றங்களையும் ஒரே இடத்தில் திருத்திவிடலாம். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான 1 சதவீதம், மழைநீர் சேகரிப்பு, ஒவ்வொரு வீட்டுக்குமான மின் இணைப்பு எல்லாம் விடுபடாமல் இடம்பெற்றிருக்கின்றன. சுற்றுச்சுவரும் சம்ப் எனப்படும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியும் கூட உள்ளன. பல காண்ட்ராக்ட் விலைகளில் இவ்விரண்டும் இருப்பதில்லை.

அஸ்திவாரப் பக்கத்தில்தான் எனக்கு மனக்குறை. எங்கள் மனை கரிசல் மண். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் அந்த மண்ணில் அஸ்திவாரத்தின் வகையும் ஆழமும் மண் பரிசோதனையைப் பொறுத்தவை. அந்த அறிக்கையைக் கேட்காமலேயே வரைபடத்தில் இருந்த ஐந்தடி ஆழத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுவிட்டார்கள். அறிக்கை வந்த பின் கூடுதல் கட்டணம் இல்லாமல் திருத்திக் கொடுத்தார்கள் என்றாலும், முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டிய ஆவணம் அது. எதிர்பாராச் செலவுக்கு மொத்தத்தின் மீதும் ஒரே சீராக 5 சதவீதம் போட்டிருப்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. தரைக்கு மேலுள்ள வேலைகளுக்கு அது போதும். தரைக்குக் கீழே, கரிசலில், 10 சதவீதமாவது ஒதுக்குவதே பாதுகாப்பு.

எந்த மாதம் எவ்வளவு பணம் தேவைப்படும் என்ற அட்டவணையும் இந்தச் சேவையில் இல்லை. வங்கிக் கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும், அதுவும் அந்தந்தக் கட்டம் வரை வேலை முடிந்த பிறகே வரும் என்பதால், ரூஃப் காங்கிரீட்டுக்கு முன் கம்பி, சிமெண்ட், காங்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கைப்பணம் வேண்டியிருக்கிறது. அவர்கள் தந்த வேலைவாரித் தொகைகளை அஸ்திவாரம், பேஸ்மெண்ட் (தரைமட்டம் வரை), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள காங்கிரீட் பட்டை வரை), ரூஃப், பூச்சு என்று தளவாரியாகப் பிரித்து, வங்கி பணம் விடுவிக்கும் கட்டங்களை எதிரே எழுதி, அந்த அட்டவணையை நாங்களே தயாரித்துக்கொண்டோம்.