ஆற்று மீட்பு கற்க எது சரி: உப்பங்கழியா, கடலலையா, மலையாறா?

கடலூர், புதுச்சேரி பக்கம் கயாக் ஓட்டுபவர்களுக்குப் பாறைகளுக்கிடையே பாய்ந்திறங்கும் ஆறு அருகில் இல்லை. இருப்பவை சுண்ணாம்பாற்று உப்பங்கழி, பிச்சாவரத்துக் கால்வாய்கள், தேவனாம்பட்டினத்து அலை. மீட்புப் பயிற்சியை இங்கே தொடங்குவதா, நேரே மலையாற்றுக்குப் போவதா? கயிற்றை இங்கே பழகுங்கள், நீரோட்டத்தை அங்கே கற்றுக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் பதில். கயிறு எறியத் தெரியாமல் போனால், பணம் கட்டிப் போன பயிற்சியில் பாதி நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

சுண்ணாம்பாற்றில் நீர் மெதுவாக நகர்வதால் கயிற்றுப் பை (மீட்புக் கயிறு அடைத்த, எறிவதற்கான பை) எறிந்து பழக நல்ல இடம். படகுக் குழாம் படகுகள் போகும் தடத்தை விட்டு விலகி, கடல்நீர் ஏறும் நேரத்தில் பழகுங்கள். வற்றும் நேரத்தில் முகத்துவாரம் ஆளைக் கடலுக்கு இழுக்கும். கயிறு 15 முதல் 20 மீட்டர் நீளம், 8 முதல் 10 மி.மீ. தடிமன், மிதக்கும் பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். நைலான் கயிறு மூழ்கிப் பாறையில் சிக்கும். வளையமாகச் சுற்றி அடைத்த கயிறு எறியும்போது முடிச்சு விழும். கைப்பிடி கைப்பிடியாகத் திணித்ததுதான் சீராக உருவிக்கொண்டு போகும்.

லைஃப் ஜாக்கெட் அணிந்த ஒருவர் 12 மீட்டர் தள்ளி மிதக்கட்டும். "கயிறு!" என்று கத்துங்கள். அவர் உங்களைப் பார்த்த பிறகு, நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பை அவர் தலையைத் தாண்டி விழும்படி எறியுங்கள். அவர் பிடிக்க வேண்டியது கயிற்றை. பையைப் பிடித்தால் மிச்சக் கயிறும் உருவிக்கொண்டு வரும். பிறகு அவர் மல்லாந்து, கயிற்றைக் கரைக்கு எதிர்ப்பக்கத் தோளின் மேல் போட்டு, மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். நீரோட்டமே அவரைக் கரையோரம் ஒதுக்கும். எறிபவர் கயிற்றை இடுப்பில் கட்டவோ கையில் சுற்றவோ கூடாது. தேவைப்பட்டால் அந்த நொடியே விட்டுவிட முடிய வேண்டும்.

முதல் எறி தவறினால் கயிற்றைத் திரும்பப் பையில் திணிக்க நேரமில்லை. இழுத்துக் காலடியில் போட்டு, பையில் கொஞ்சம் நீர் மொண்டு மறுபடி எறியுங்கள். இதை 20 விநாடிக்குள் செய்யப் பழகினாலும், விநாடிக்கு 2 மீட்டர் ஓடும் நீரில் ஆள் அதற்குள் 40 மீட்டர் போயிருப்பார். ஆற்றில் கீழே இன்னொருவரைக் கயிற்றோடு நிறுத்துவது இதனால்தான்.

உப்பங்கழி கற்றுத்தர முடியாதது இழுப்பின் பலம். நீரின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அமைதியான நீரில் ஒற்றைக் கையால் இழுத்த ஆள், ஓட்டத்தில் எறிந்தவரையே கீழே தள்ளுவார்.

அலைப் பயிற்சிக்கு ஒரு பயன் உண்டு. கவிழ்ந்ததும் பதறாமல் படகை உருட்டி நிமிர்த்தப் பழகலாம். ஆனால் அலை உருட்டிவிட்டுக் கடந்துவிடும். ஆற்றில் பாறைக்கும் தடுப்பணைக்கும் கீழே சுழலும் நீர் நின்ற இடத்திலேயே சுழன்று ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும். அலையை மட்டும் பழகியவருக்கு இந்த வேறுபாடு புரியாது, அதுதான் ஆபத்து.

நவம்பர், டிசம்பர் மழையில் கெடிலமும் தென்பெண்ணையும் பொங்கும்போது "நம்ம ஊரிலேயே வெள்ளம் வந்தாச்சே" என்று இறங்கத் தோன்றும். கட்டாயம் வேண்டாம். கரையோரச் சீமைக் கருவேலம் சல்லடைபோல் நீரை மட்டும் போகவிட்டு ஆளைப் பிடித்துவைக்கும், மணல் அள்ளிய குழி கண்ணுக்குத் தெரியாது, சாத்தனூர் அணை திறந்தால் மட்டம் ஏறும். வெள்ளமே தேவையில்லை: 2022 ஜூனில் குச்சிப்பாளையம் அருகே கெடிலத்துத் தடுப்பணையில் மூழ்கியவர்களைக் காக்க அடுத்தடுத்து இறங்கியதில் சிறுமிகளும் பெண்களுமாக ஏழு பேர் இறந்தார்கள். கைநீட்டு, இல்லையேல் கயிறு எறி, இல்லையேல் படகில் போ, நீரில் இறங்குவது கடைசி என்ற வரிசை எதற்கு என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஆக, மலையாறு. கர்நாடகத்துத் தண்டேலியின் காளி ஆற்றில் ராஃப்டிங் போவது சந்தோஷம், பயிற்சி அல்ல. ரிஷிகேஷ் கங்கையில் பல பாய்ச்சல்களுக்கு (பாறைகளுக்கிடையே நீர் வேகமாக இறங்கும் இடங்களுக்கு) பின் ஆழமான அமைதி நீர் வருவதால் நீந்திப் பழக இடம் உண்டு. ஆனால் பனிநீரின் குளிர் நம் கடற்கரை உடம்புக்குச் சோதனை, குளிர் தாங்கும் வெட்சூட் உடை அவசியம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே ராஃப்டிங் நிறுத்தப்படும். கோழிக்கோடு கோடஞ்சேரியின் சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா ஆறுகள் அந்த மாதங்களில்தான் நிரம்பும். நெருக்கமான பாறைகள் இருப்பதால், முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நின்றால் கால் எப்படிச் சிக்கும் என்பது அங்கே விளங்கும். நம் ஊரிலிருந்து போக அதுவே எளிது. முதல் பயிற்சிக்கு எங்கள் தேர்வும் அதுதான்.

பணம் கட்டும் முன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்: ஒவ்வொருவரும் பாய்ச்சலில் நீந்துவார்களா? ஓடும் ஆளுக்குக் கயிறு எறிவார்களா? ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பெல்ட்டில் கயிறு மாட்டிக் குதிக்கும் மீட்பு உண்டா? ரெஸ்க்யூ 3 என்ற பன்னாட்டு மீட்புப் பயிற்சி அமைப்பின் சான்றிதழ் மூன்று ஆண்டுதான் செல்லும். அதற்குள் கை மறந்துவிடாமல் இருக்க, சுண்ணாம்பாற்றில் கயிறு எறிவதைத் தொடருங்கள்.