ஈரப்பத சென்சார் என்று சொல்லி டைமரை விற்கிறார்கள்: சொட்டுநீர் விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை

'ஸ்மார்ட் பாசனம்' என்ற வண்ண நோட்டீஸுடன் யாராவது உங்கள் தோட்டத்துக்கு வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஈரோடு மாவட்டம் அந்தியூர்ப் பக்கம் நாங்கள் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறோம். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகவே வால்வைத் திறந்து மூடும் என்று சொல்லி எங்களிடம் 1,38,000 ரூபாய்க்கு ஒரு கருவியை விற்றார்கள். அந்தக் கருவிக்கும் எங்கள் மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இராது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்குத் தானியங்கி வால்வு தேவைப்பட்டது ஆடம்பரத்துக்காக அல்ல. மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் வாரங்களில் அப்பா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வால்வு மாற்றக் கிளம்பிவிடுவார். பாம்பு நடமாட்டம் உள்ள வரப்பு. போரிலும் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. இந்த நிலையில்தான் அந்த விற்பனையாளர் வந்தார். "நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம் அண்ணா. செடிக்குத் தாகம் எடுத்தால் கருவிக்குத் தெரிந்துவிடும்" என்றார். அப்பாவை ஐயா என்று கூப்பிட்டார், மோர் வாங்கிக் குடித்தார், போன் திரையில் பச்சையும் நீலமுமாக வரைபடங்களைக் காட்டினார்.

நோட்டீஸில் இரண்டு வாக்குறுதிகள் இருந்தன: 80 சதவீதம் தண்ணீர் மிச்சம், கரண்ட் பில் பாதியாகக் குறையும். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புக்குக் கட்டணமே கிடையாது. இல்லாத பில் எப்படிப் பாதியாகும் என்று அப்போதே கேட்டேன். எல்லா மாநிலத்துக்குமாக அச்சடித்த நோட்டீஸ் என்று சிரித்துக்கொண்டார். அந்த 80 சதவீதமும் வாய்க்கால் பாசனத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிற கணக்கு. எங்கள் தோட்டத்தில் சொட்டுநீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. சொட்டுநீர் போட்டதால் கிடைத்த மிச்சத்தையே எடுத்து, அதன் மேல் மாட்டுகிற கருவியின் கணக்கில் எழுதி விற்கிறார்கள். இந்த வித்தையை நீங்களும் அடிக்கடி பார்ப்பீர்கள்.

மோட்டார் அறைச் சுவரில் ஒரு பெட்டி, மேட்டு வயலுக்கு ஒன்றும் பள்ளத்து வயலுக்கு ஒன்றுமாக மின்சாரத்தால் திறந்து மூடும் இரண்டு சோலினாய்டு வால்வுகள், மண்ணில் குத்திய இரண்டு சென்சார்கள், போனில் ஒரு செயலி. இவ்வளவுதான் மாட்டினார்கள்.

மஞ்சளில்தான் முதலில் தெரிந்தது. பள்ளத்து வயலில் இலை ஓரம் மஞ்சளாகிக் காயத் தொடங்கியது. ஒரு தண்டைப் பிடித்து இழுத்தால் அடி நொளநொளத்துக் கையோடு வந்தது. கிழங்கு அழுகல். அங்கே களி கலந்த மண். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் தேங்கிவிடும். மேட்டு வயலோ சரளை கலந்த செம்மண். அங்கே பாத்தியைக் கிளறினால் புழுதி பறந்தது. செயலியைத் திறந்து பார்த்தேன். இரண்டு வயலுக்கும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டியது: மேட்டில் 59 சதவீதம், பள்ளத்தில் 61. கூடவே சிரிக்கும் இலைப் படம் ஒன்று.

பள்ளத்து வயலில் இருந்த சென்சாரைப் பிடுங்கினேன். கழுவித் துணியால் துடைத்து, மோட்டார் அறைக் கைப்பிடிச் சுவரில் நல்ல வெயிலில் வைத்துவிட்டு, மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தேன். 60 சதவீதம். பிறகு அதையே ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்தேன். 58 சதவீதம். வெயிலில் காய்ந்தபோது இருந்ததைவிடத் தண்ணீரில் மூழ்கியபோது ஈரம் குறைவு! அதை வாளியிலேயே விட்டுவைத்தேன். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வால்வு திறந்தது, வழக்கமான நேரத்துக்கு மூடியது.

ஊரில் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவரை வரவழைத்துப் பெட்டியைத் திறந்தோம். வால்வுக்குப் போகும் கம்பிகள் முறையாக இணைக்கப்பட்டிருந்தன. சென்சாரில் இருந்து வந்த கம்பியின் நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மடித்து மூலையில் செருகியிருந்தார்கள். போர்டின் எந்த முனையிலும் அது சேரவில்லை. அதைப் போட்டோவும் வீடியோவும் எடுத்து வைத்துக்கொண்டு விற்பனையாளரைக் கூப்பிட்டேன்.

"அது சராசரி மதிப்பு அண்ணா. வானிலையை வைத்து சர்வரே கணித்துக்கொள்ளும்."

"அப்படியானால் சென்சார் எதற்கு?"

"அது அடுத்த அப்டேட்டில் வேலை செய்யும் அண்ணா."

சென்சார் ஒன்றுக்கு 9,000 ரூபாய் பில் போட்டிருக்கிறார்கள்.

செயலியின் முகப்பில் 'இன்று நீங்கள் சேமித்த நீர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு நாள் 11,400 லிட்டர் என்று காட்டியது. எங்கள் குழாய் வரிசையில் தண்ணீர் மீட்டரே கிடையாது. ஓடிய தண்ணீரை அளக்காமல் மிஞ்சிய தண்ணீரை அளக்கும் கணிதம் எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. டிரான்ஸ்பார்மர் பழுதாகி நாள் முழுதும் மோட்டார் ஓடாத அன்றைக்கும் அந்தக் கட்டம் சேமிப்பைக் கூட்டிக்கொண்டே போனது. அளவு வேண்டுமானால் ஒரு லிட்டர் பாட்டில் போதும். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டு முனைக்கு, அதாவது டிரிப்பருக்கு அடியில் 15 நிமிடம் பிடித்தால் பாட்டில் நிறைய வேண்டும். எங்கள் மேட்டு வயலின் கடைசி வரிசையில் பாதிகூட நிறையவில்லை. மேட்டுச் செடி காய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆசிட் விட்டுக் கழுவ வேண்டிய வேலை அது. சர்வருக்கு இது எப்படித் தெரியும்?

மின்தடை இன்னொரு கதை. பெட்டிக்குள் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. மின்சாரம் போய் வந்தால் நெட்வொர்க்கில் இருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளுமாம். சிக்னல் இல்லாவிட்டால் அன்றைய முறையை முதலில் இருந்து தொடங்கிவிடும். காலையில் பாய்ந்த பள்ளத்து வயலுக்கு மறுபடியும் பாயும். அழுகல் ஏன் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

உள்ளே இருக்கும் சிம் அவர்கள் பெயரில். ரீசார்ஜ் அவர்கள்தான் செய்ய வேண்டும். முதல் ஆண்டு முடிந்ததும் 'சர்வர் கட்டணம்' 6,500 ரூபாய் என்று குறுஞ்செய்தி வந்தது. விற்கும்போது இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, பில்லிலும் இல்லை. கட்ட மறுத்தேன். செயலி பூட்டிக்கொண்டது, வால்வுகள் மூடியபடி நின்றன. கருவியைச் சுற்றிக்கொண்டு கையால் தண்ணீர் விட உதவும் பைபாஸ் கேட் வால்வு வைக்காமலேயே மாட்டியிருந்ததால் நல்ல வெயிலில் பயிர் தண்ணீரில்லாமல் நின்றது. சோலினாய்டு வால்வின் மேலே இருக்கும் சிறு திருகைத் தளர்த்தினால் கையாலேயே திறந்துகொள்ளலாம் என்று பக்கத்துத் தோட்டத்து மாமாதான் வந்து காட்டினார். இந்தப் பதிவில் வேறெதுவும் உங்களுக்குப் பயன்படாவிட்டாலும் அந்தத் திருகை நினைவில் வையுங்கள்.

மானியத்தின் பெயரைச் சொல்லியும் பணம் பிடுங்கினார்கள். சிட்டா, அடங்கல், ஆதார் நகல்களை வாங்கிக்கொண்டு, 'மானியக் கோப்புச் செலவு' என்று 4,000 ரூபாய் தனியாகக் கேட்டு வாங்கினார்கள். நுண்ணீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருப்பது உண்மைதான். அது வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்தில் பதிவு செய்து, அரசு பட்டியலில் உள்ள நிறுவனத்தின் வழியாக வருவது. ஒருமுறை வாங்கிய நிலத்துக்கு 7 ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். வட்டார அலுவலகத்தில் விசாரித்தால், எங்கள் பெயரில் புதிதாக எந்த விண்ணப்பமும் பதிவாகவே இல்லை என்றார்கள்.

தானியங்கிப் பாசனமே மோசடி என்று நான் சொல்லவில்லை. அந்த மாமா வாழையில் ஒழுங்கான தானியங்கி வைத்திருக்கிறார், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அவர் வேர் மட்டத்தில் ஒன்றும் அதற்குக் கீழே ஒன்றுமாக சென்சார் வைத்து, தன் மண்ணுக்கு ஏற்ப அளவைத் திருத்தி வாங்கியிருக்கிறார். பில்டரை அவரே கழற்றிக் கழுவுகிறார். சென்சார் சொல்வது அதைச் சுற்றியுள்ள ஒரு கைப்பிடி மண்ணின் கதை மட்டுமே. செம்மண்ணுக்குத் திருத்திய அளவு களிமண்ணுக்குப் பொருந்தாது. மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மலிவான இரட்டைக் கம்பி வகையாக இருந்தால், உரம் கரைத்து விட்டவுடன் உப்பைக் கண்டு ஈரம் என்று நினைத்துக்கொள்ளும். கம்பியும் நாளடைவில் அரித்துப்போகும்.

செலவு குறைந்த வழிகளும் இருக்கின்றன. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய மண் ஈரப்பதங்காட்டி நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளால் ஈரத்தைக் காட்டும். குத்திப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சிம்மும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். மோட்டாரைப் போனில் போட்டு அணைக்கும் கருவிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. இப்போது நாங்கள் இந்த இரண்டையும்தான் வைத்திருக்கிறோம். அப்பாவின் இரவு நடை பெரும்பாலும் நின்றுவிட்டது.

எந்தக் கம்பெனி வந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் சென்சாரை உங்கள் கண் முன்னால் காய்ந்த மண்ணிலும் பிறகு வாளித் தண்ணீரிலும் வைக்கச் சொல்லுங்கள். திரையில் எண் மாற வேண்டும். தண்ணீரில் இருக்கும்போது வால்வு திறக்கக் கூடாது. சிம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாடல் எண்ணும் உத்தரவாதமும் உள்ள ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பைபாஸ் வால்வு இல்லாமல் மாட்ட விடாதீர்கள். இரண்டு போகம் கண்ட ஒரு தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள், விற்பனையாளர் இல்லாமல் தனியாகப் போய்ப் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நாங்கள் அனுப்பிய சட்ட நோட்டீஸுக்கு எதிர்த்தரப்பு அனுப்பிய பதிலில், விவசாயம் வணிகம் என்பதால் நாங்கள் நுகர்வோரே அல்ல என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் புகாரோடு இணைத்திருக்கிறோம்.

பெயரை ஏன் எழுதவில்லை என்றேன் அல்லவா? அண்மையில் ஒரு வேளாண் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அதே பெட்டி வேறு பெயரில் அங்கே இருந்தது. எங்களுக்குத் தந்தது சாம்பல் நிறம். இது வெள்ளை, பச்சை மூடி. செயலியில் அதே சிரிக்கும் இலை, அதே 'சேமித்த நீர்' கட்டம். விலை மட்டும் 1,65,000 ஆகியிருந்தது. ஸ்டாலில் நின்ற இளைஞரிடம் சென்சாரைத் தண்ணீரில் வைத்துக் காட்டச் சொன்னேன். டெமோ பீஸ் நனையக் கூடாது அண்ணா என்றார்.