கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் 34,500 ரூபாய் ஏமாந்தேன், பிஎச்.டி. செய்பவர்கள் படியுங்கள்

முந்தாநாள் டிசி மீட்டிங்கில் (டிசி என்றால் என் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி) என் கட்டுரையைத் தள்ளிவிட்டார்கள். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அங்கேயே போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இது அந்த இதழே இல்லையேம்மா, அதே பேரில் யாரோ போலியா வெப்சைட் நடத்துறான்" என்றார். 34,500 ரூபாய். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருத்தர் மாட்டக் கூடாது.

நான் கீழக்கரைப் பக்கம். தனியார் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே வரலாற்றில் பகுதி நேர பிஎச்.டி., இது ஐந்தாவது வருடம். தலைப்பு நம் கரையின் சங்கு குளிப்பு, அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பது. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்துச் சங்கு உரிமை, பிறகு வெள்ளைக்காரன் காலத்துக் குத்தகை, இங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாக அறுபட்டது, இதெல்லாம் அதில் வரும். வெள்ளைக்கார மீன்வள அதிகாரி ஹார்னெல் 1914-ல் எழுதிய சங்கு அறிக்கையை வரி வரியாகப் படித்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் ராத்திரி ரயில் ஏறி, விடியற்காலை எழும்பூரில் இறங்கி, ஆவணக் காப்பகம் திறக்கும் வரை ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்து கோப்பு பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிய நாட்கள் எத்தனையோ. அதற்கு மேல் பெரியபட்டினம், ஏர்வாடி, வேதாளை என்று அலைந்து பதினோரு பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்தேன். எல்லாரும் கண்ணாடி மாட்டி மூச்சடக்கிக் குளித்த கை. அதில் மூன்று பேர் இப்போது இல்லை. என் வாப்பாவும் சங்கு குளித்தவர்தான், இரண்டு காதும் போய்விட்டது.

யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறையில் ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். ஆனால் என் பல்கலைக்கழகம் தன் விதியில் ஒரு கட்டுரை கேட்கிறது, பல இடங்களில் அப்படித்தான். ஆறு வருடம் என்ற கெடு வேறு தலைக்கு மேல் நிற்கிறது, பெண்களுக்கு இரண்டு வருடம் தளர்வு உண்டென்றாலும் அதுவரை இழுக்க மனம் இல்லை. ஒரு நல்ல வரலாற்று இதழுக்கு அனுப்பி, ஏழு மாதம் கழித்துத் திருத்தச் சொல்லிப் பதில் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அந்த விளம்பரம்: கேர் பட்டியல் இதழில் 20 நாளில் வெளியீடு. கேர் பட்டியல் என்றால் தரமானவை என்று யூஜிசி ஏற்ற ஆய்வு இதழ்களின் பட்டியல்.

கேர் பட்டியலையே யூஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் முன்பு பட்டியலில் இருந்த இதழ் என்றால் தரமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். பழைய பட்டியலின் பக்கத்தையே படமாக அனுப்பினார்கள். இதழின் பெயர் இருந்தது, ஒவ்வொரு இதழுக்கும் தருகிற எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண் அப்படியே பொருந்தியது. பொருந்தத்தானே செய்யும், அச்சில் மட்டும் வருகிற நிஜ இதழின் பெயரையும் எண்ணையும் திருடி வைத்துக்கொண்டு வெப்சைட் மட்டும் அவர்கள் போட்டது.

ஆனால் நான் விழுந்தது படத்தைப் பார்த்து இல்லை. போனில் பேசிய பையன் முதலில் மேடம் மேடம் என்றான், தலைப்பைக் கேட்டதும் அக்கா என்று மாறிவிட்டான். "சங்கு குளிக்கிறதா? யாருமே இதை எழுதலயே அக்கா. உங்க வீட்ல யாராச்சும் குளிச்சிருக்காங்களா?" என்று கேட்டான். வாப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க பேரை நன்றியில போட்டுடுங்க அக்கா, அவங்க இருக்கும்போதே அச்சுல பார்க்கட்டும்" என்றான். ஐந்து வருடத்தில் ஒருத்தர் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கடைசியில் "கீழக்கரைன்னா தொதல் அனுப்பி வைக்கணும்" என்று எங்கள் ஊர் இனிப்பைக் கேட்டு உரிமையாகப் பேசினான். போனை வைத்த கையோடு 4,500 அனுப்பினேன், மதிப்பீட்டுக் கட்டணமாம். மூன்றே நாளில் ஏற்புக் கடிதம் வந்தது. முப்பது பக்கக் கட்டுரையை மூன்று நாளில் யார் படித்திருப்பார்கள்? அங்கேயே நின்றிருக்க வேண்டும். அப்புறம் வெளியீட்டுக்கு 22,000. இந்த மாத இதழிலேயே வர வேண்டுமானால் அவசரக் கட்டணம் 8,000. மொத்தம் 34,500. அதில் 22,000 உம்மா தன் காதுத் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் கடல்பாசி எடுத்துச் சேர்த்த நகை அது.

கட்டுரை வெளியானதும் திறந்து பார்த்தால் என் எழுத்தே இல்லை. ஒப்புமை சதவீதத்தை (ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு) குறைக்கிறோம் என்று ஏதோ மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றியிருக்கிறார்கள். நம் ஆட்கள் பார் என்று சொல்வார்களே, கடலுக்கடியில் சிப்பி கிடக்கிற இடம், முத்துப்பார், அதை ஆங்கிலத்தில் பேர்ல் பேங்க் என்று எழுதுவார்கள். அந்த பேங்க்கைப் பணம் போடுகிற வங்கி என்று எடுத்துக்கொண்டு 'முத்து நிதி நிறுவனம்' என்று பொருள் வருகிற மாதிரி ஏழு இடத்தில் மாற்றி வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் சொன்ன வாக்குமூலங்களிலும் கை வைத்திருக்கிறார்கள். மேற்கோள் குறிக்குள் இருந்ததை! இறந்துபோன ஒரு மனிதர் தன் வாயால் சொன்னதை மாற்ற இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்தப் பேச்சுக்கு அவரிடம் திரும்பப் போய்க் கேட்க முடியுமா?

உடனே போன் செய்தேன். முதல் நாள் "எடிட்டோரியல் டீம்ல சொல்றேன்க்கா" என்றான். அடுத்த வாரம் "சர்வர் மெயின்டனன்ஸ்". அதற்கடுத்து வேறொரு பெண் எடுத்து, எந்தக் கட்டுரை, என்ன எண் என்று முதலிலிருந்து கேட்டாள். பிறகு அந்தப் பையனின் நம்பரில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். டிசியில் தள்ளிய அன்று ராத்திரி, பணம் வேண்டாம், கட்டுரையையாவது எடுத்துவிடுங்கள் என்று மெயில் போட்டேன். அதற்கு மட்டும் பத்து நிமிடத்தில் பதில்: திரும்பப் பெற 12,000 கட்ட வேண்டுமாம். 34,500 வாங்கியவர்கள் இன்னும் 12,000 கேட்கிறார்கள். எடுக்காவிட்டால் எனக்குத்தான் கேடு, ஏற்கெனவே ஓரிடத்தில் வெளிவந்த கட்டுரையை எந்த நல்ல இதழும் தொடாது. ஆய்வேட்டிலேயே அந்த இயலைச் சேர்க்கும்போது ஒப்புமைச் சோதனையில் என் எழுத்தே எனக்கு எதிராக நிற்கும், விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று கைடு சார் சொல்கிறார்.

புகார் கொடுக்கப் போன இடத்தில், "கட்டுரை வந்திருக்கேம்மா, காசுக்கு வேலை செஞ்சிருக்காங்களே" என்றார்கள். வற்புறுத்தித்தான் எழுதி வாங்க வைத்தேன். பணம் அனுப்பி நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டதால் திரும்ப வருவது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார்கள். பெயரை இங்கே போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் போடவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும். இதழின் வெப்சைட் முகவரியை அவர்கள் அனுப்பும் லிங்க்கில் பார்க்காதீர்கள், பல்கலைக்கழக நூலகத்தில் அச்சு இதழைக் கையில் எடுத்து அதில் உள்ள முகவரிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நான் இதை நேற்றுத்தான் செய்தேன், அந்த நிஜ ஆசிரியர் பாவம், இதே மாதிரி நிறையப் பேர் அழைத்திருக்கிறார்கள் என்றார். மூன்று நாளில் ஏற்பு என்றால் விட்டுவிடுங்கள். தனி ஆளின் ஜிபே நம்பருக்குக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், என்னை மாதிரி மாதக்கணக்கில் பொறுக்காதீர்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஒரு மெயில் வந்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் கட்டினால் 12,000-த்தை 9,000 ஆக்கித் தருகிறார்களாம். கட்டப் போவதில்லை.