எல்லையோரத்தில் மூன்று சிம்: பேங்க் நம்பரை எந்தக் கம்பெனியிடம் விடலாம்?

செங்கோட்டையில் வீடு, கேரளாவில் இருக்கிற புனலூரில் வியாபாரம். எல்லையான கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்கு டவர் கிடைக்கும், அந்தப் பக்கம் வேறொன்றுக்கு. அதனால் பல வருஷமாக மூன்று கம்பெனி சிம் வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் விலை, டேட்டா வேகம் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓடிபி வருகிற நம்பர் எங்கே பத்திரமாக இருக்கும் என்பதைத்தான் நான் கவனித்து வந்தேன்.

பெரிய கம்பெனி என்றால் பத்திரம் என்று கணக்குப் போட முடியாது. தென்கொரியாவின் மிகப்பெரிய நிறுவனமான எஸ்கே டெலிகாமில் 2025 ஏப்ரலில் சிம் விவரங்களே களவு போய், 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசமாக சிம் மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். பிஎஸ்என்எல்லில் 2024 மே மாதம் ஊடுருவல் நடந்திருக்கலாம் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தது நாடாளுமன்றம் வரை வந்தது. யாருடைய சர்வர் கெட்டி என்று வெளியே இருந்து நமக்குத் தெரியாது. டவரையும் கடையையும்தான் பார்க்க முடியும்.

புளியரை தாண்டி மலை ஏறினால் சிக்னல் பழைய 2ஜிக்கு இறங்கிவிடும். 2ஜியில் நெட்வொர்க் நம் சிம்மைச் சரிபார்க்குமே தவிர, அந்த டவர் அசலா என்று போன் சரிபார்க்காது. போலி டவர் வைத்து பேங்க் பெயரில் எஸ்எம்எஸ் தள்ளுகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் 2ஜியை நிறுத்தும் வசதி இருக்கிறது. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது என்பதால் அந்த சிம்முக்கு அதை எப்போதும் நிறுத்தி வைத்தாலும் நஷ்டமில்லை. இந்த ஒரு விஷயத்தில் அதற்கு என் ஓட்டு. மற்ற சிம்களுக்கு, ஊருக்குள் நிறுத்தி வைப்பேன், மலை ஏறும்போது போட்டுவிடுவேன். மழையில் வண்டி மக்கர் பண்ணினால் யாரையாவது கூப்பிட வேண்டுமே!

ஆனால் எனக்குப் பெரிய பயம் கடைதான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை போட்டு விற்றவரிடம் அத்தை ஒரு சிம் வாங்கினார். "ரேகை சரியா விழலம்மா, இன்னொரு தடவை வைங்க" என்றார் அவர். அப்புறம் ஒருநாள், நம் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று காட்டும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தால், அத்தை பெயரில் தெரியாத நம்பர் ஒன்று! அந்த இரண்டாவது ரேகையில் எடுத்திருப்பார் போல. 'என் நம்பர் இல்லை' என்று அங்கேயே புகார் போட்டுத் துண்டிக்க வைத்தோம். கமிஷனுக்கு விற்கிற ஆளைக் கம்பெனி எவ்வளவு கண்காணிக்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

அதே நம்பருக்குப் புது சிம் மாற்றும்போதும் அப்படியே. ஒரு கம்பெனி முதலில் பழைய சிம்முக்குச் செய்தி அனுப்பி, நான்தான் கேட்டேனா என்று உறுதி செய்தது. இன்னொன்றில் சத்தமே இல்லை. மாற்றிய பின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சரக்குக்குப் பணம் போட முடியாமல் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேறு எவனாவது நம் நம்பரைத் தன் சிம்மில் எடுத்தால், அவனுக்கும் அந்த ஒரு நாள் ஓடிபி வராது. நம் போனில் சிக்னல் செத்திருப்பதைக் கவனித்து, வேறொரு போனிலிருந்து சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்க நேரம் கிடைக்கும். 2024 ஜூலை முதல், சிம் மாற்றி 7 நாள் ஆகாமல் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றவும் (போர்ட்) முடியாது.

இப்போது பேங்க் நம்பர், கேட்டு உறுதி செய்த கம்பெனியில் இருக்கிறது, சிம்மை வேறு போனில் போட்டால் கேட்கிற ரகசிய எண்ணான சிம் பின்னும் போட்டாயிற்று. சத்தமே காட்டாத கம்பெனி நம்பரை யுபிஐயிலிருந்து எடுத்துவிட்டேன். லாரிக்காரர்கள் கூப்பிட அது போதும்.